பன்னிரண்டாவது நாற்காலி

பெரிய வியாழனுக்கு முந்தின இரவே
கால்களைத் தயார்செய்துவிட்டேன்.
வெந்நீரில் உப்புப் போட்டு அரைமணி ஊறவைத்து,
பித்தவெடிப்பைக் கல்லால் தேய்த்து,
நகம் வெட்டி, டெட்டால் விட்டுக் கழுவி,
சௌராஸ்தா மார்க்கெட்டில் வாங்கிய புதுக் காலுறைக்குள்
இரண்டையும் பத்திரப்படுத்தினேன்,
புனிதர் ஒருவரின் எலும்பைப்போல.

பங்குப் பேரவையில் ஆறு வருடம் துணைத்தலைவர்.
யார் பாராட்டினாலும்
"நான் யாருங்க, எல்லாம் ஆண்டவர் செயல்" என்பேன்.
அப்போது தலை எவ்வளவு சாயவேண்டும் என்பது
கழுத்துக்கே பழகிப்போயிருந்தது.

பீடத்தின்முன் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்.
கடைசி நாற்காலியை நானே கேட்டு வாங்கினேன்.
விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில் உட்கார் என்று
வேதத்தில் இருக்கிறது.
நண்பரே மேலே வாரும் என்று அழைப்பார்கள் என்பதும்
அதே இடத்தில்தான் இருக்கிறது.
இரண்டையும் படித்தவன் நான்.

எனக்கு முன்னால் பதினொரு பேர்.
பிறை லாரிப் பட்டறைச் சின்னப்பன்,
விரலிடுக்கில் வருடக்கணக்கான கிரீஸ்.
பாயான் லெப்பாசில் இரவு ஷிப்ட் முடித்து
தூங்காமல் வந்த ஆக்னஸ்,
தொழிற்சாலைக் காலணிக்குள் வெந்து வெளுத்த பாதம்.
என் பக்கத்தில் ஜெலுத்தோங் மீன் சந்தை லூர்துசாமி.
கணுக்காலில் ஒரு செதில் ஒட்டி
விளக்கொளியில் மின்னியது.

இந்த வருடம் ஜாடி வேண்டாம் என்றுவிட்டார் ஃபாதர்.
ஒரே பேசின். எல்லாருக்கும் ஒரே தண்ணீர்.
அவருக்கு முழங்கால் வாதம்.
ஒவ்வொரு நாற்காலியின் முன்னும் இறங்கும்போது
அவர் முனகுவது மைக்கில் கேட்டது.
கழுத்துப்பட்டியில் குத்தியிருந்த சின்ன மைக்,
பின்வரிசைக் கிழவர்களுக்குக் காது கேட்காதென்று
நான் வாங்கிக்கொடுத்தது.

என்னிடம் வந்து சேர்ந்தபோது
தண்ணீர் தே தாரேக் நிறத்தில் இருந்தது.
அதில் அந்தச் செதில் மிதந்தது.

குனிந்து, உதடு அசையாமல்,
அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்:
"தண்ணிய மாத்திடலாமே, ஃபாதர்."

கோவில் முழுக்கக் கேட்டது.
வெளியே கார் நிறுத்துமிடம்வரை கேட்டது.
ஒலிபெருக்கி எட்டு;
அந்த பில்லும் நான் கட்டியதுதான்.

பாட்டு பாதியில் நின்றது. விசிறி மட்டும் சுற்றியது.
லூர்துசாமி தன் கால்களை
மெல்ல நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.

என் கால்களை நீர் கழுவவே கூடாது என்று
பேதுருவும் மறுத்தான்.
அவன் காலில் தெருப்புழுதியாவது இருந்தது.

ஃபாதர் திட்டியிருக்கலாம்.
பிரசங்கத்துக்கு அதைவிட வாகான நேரம் கிடைக்காது.
என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.
ஓடிவந்த பீடச்சிறுவனை வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு
பேசினைத் தானே தூக்கிக்கொண்டு
சக்கிரீஸ்துக் கதவுக்குள் போனார்.
குழாய் திறக்கும் சத்தம்.
நிரம்பும் சத்தம்.
அவர் மூச்சு வாங்கும் சத்தம்.
எட்டு ஒலிபெருக்கியிலும்.

திரும்பிவந்து
எனக்காக இன்னொருமுறை முழங்காலிட்டார்.

என் இரண்டு கால்களும் முங்கி எழுந்த பிறகும்
அந்தத் தண்ணீர் தெளிவாகவே இருந்தது.
பேசினின் அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக்கூட
படிக்க முடிந்தது.
கழுவ வந்தவர் கைக்கு
நான் எதையுமே மிச்சம் வைக்கவில்லை.

இந்த வருடப் பட்டியலில் என் பெயரை நானே அடித்துவிட்டேன்.
பின்பக்கக் குழாயடியில்
வாளிக்குத் தண்ணீர் பிடிக்கிறேன்.
ஜார்ஜ் டவுன் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டுகிறது.
உள்ளே யாருடைய காலோ நனைகிறது.

ஆண்டவரே,
வாளியைத் தூக்கும்போது
யாராவது பார்க்கிறார்களா என்று
ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.
யாருமில்லை.
கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.